மெய் காணுங் கல்வி

தமிழிலே ‘மெய்’ என்னுஞ் சொல் இரு பொருள் தரும். உடம்பும் மெய், உண்மையும் மெய். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய எம் முன்னோரின் கருத்து யாதாயினும் ஆகுக. உடம்பாகிய மெய்யைத் திறந்து உண்மையாகிய மெய்யைத் தேடும் கல்வியொன்று உலகில் உண்டு. பிரேத பரிசோதனை என எம்மவர் வழங்குவது அதுவே. அக்கல்வியைப் பற்றி மருத்துவ மாணவர் யாது அறிந்திருக்கின்றனர், எத்தகைய மனத்தோடு அதனை அணுகுகின்றனர் என்பன குறித்துச் சில கூற விரும்புகின்றோம்.

மங்கல விழாவொன்றின் மலரிலே இத்தகைய பொருளை எடுத்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். மருத்துவம் படியாத தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை எனவும் வினவலாம். முதல் வினாவுக்கு விடை இது: எமது கல்லூரியிலிருந்து மாணவர் சிலர் மருத்துவபீடங்களுக்குச் செல்கின்றனர். பரிசளிப்பு விழா அறிக்கையில் அவர்தம் பெயர்கள் வாசிக்கப்படும்போது யாவரும் கைதட்டுகின்றோம். அங்கே சென்றபின் அவர் எவற்றின் முன்னே நிற்கவேண்டி வருகின்றது என்பதை எவருங் கேட்பதில்லை. இரண்டாம் வினாவுக்கு விடை கட்டுரை செல்லச் செல்லத் தானே விளங்கும்.

சொல்லாராய்ச்சி எமது தொழிலாதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம். ‘பிரேதம்’ என்பது வடசொல். ‘அப்பாற் சென்றது’ என்பதே அதன் முதற்பொருள். அச்சந் தரும் பொருள் பின்னர் வந்து ஏறியது. மேனாட்டு மருத்துவர் வழங்கும் ‘ஓட்டொப்சி’ என்னுஞ் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘தன் கண்ணாலேயே காணுதல்’ என்பது அதன் பொருள். அச்சொல்லிற் கத்தியுமில்லை, பிணமுமில்லை. காணுதல் மாத்திரமே உண்டு. எம்மூர்களிலோ ‘வெட்டிப் பார்க்கிறது’ என்பர். அத்தொடரிலும் காணுதல் உண்டுதான். ஆயினும் கேட்போர் நெஞ்சில் ‘வெட்டி’ என்பது தைத்து நின்றுவிடுகின்றது. ‘பார்க்கிறது’ என்பது மறைந்து போகின்றது.

பொதுமக்கள் ஒன்றாக எண்ணி மயங்கும் செயல்கள் மூன்று உள. முதலாவது, மாணவர் உடலமைப்பைப் பயிலும்பொருட்டு, மருந்திட்டுப் பேணப்பட்ட உடலொன்றைப் பல மாதங்களாகச் சிறிது சிறிதாக அறுத்துக் கற்றல். அவ்வுடல் பெரும்பாலும், தாம் வாழுங்காலத்திலேயே தம் உடலைக் கல்விக்கென எழுதிவைத்தவர் ஒருவருடையது. இரண்டாவது, திடீரெனவோ இயற்கைக்கு மாறாகவோ நிகழ்ந்த மரணத்தின் காரணத்தைச் சட்டத்தின் பொருட்டுக் காணுதல். எமது நாட்டிலே 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதற்கு வழி வகுத்துள்ளது. நீதவானோ மரண விசாரணை அதிகாரியோ பணித்தவிடத்து அரச மருத்துவர் அதனைச் செய்வர். உறவினரின் சம்மதம் அதற்கு வேண்டுவதில்லை. மூன்றாவது, மருத்துவமனையில் நோயினால் இறந்தவரிடத்து, சட்டம் ஐயுறுவதற்கு ஏதுமில்லாதபோதும், நோயின் உண்மை நிலையை அறியும்பொருட்டுச் செய்யப்படுவது. இதற்கு உறவினரின் சம்மதம் இன்றியமையாதது. இம்மூன்றாவதே மருத்துவக் கல்விக்கு உயிர்நாடி போன்றது. இன்று மிக அருகி வருவதும் அதுவே.

இறந்தாரைக் கண்டு கற்றல் மேனாட்டார் புகுத்திய புதுமை என எண்ணுவோர் சுசுருத சங்கிதையை நோக்குக. அந்நூலின் சாரீரஸ்தானத்திலே, நஞ்சினாலோ நெடுநாட் பிணியினாலோ இறவாதவரும் முதிர்ந்த மூப்பினை எய்தாதவருமாகிய ஒருவரின் உடலை எடுத்து, புல்லினாற் சுற்றி, கூடொன்றில் இட்டு, வேகமில்லாத நீரோட்டத்தில் மறைவாக வைத்து, ஏழு இரவு கழிந்தபின் எடுத்து, தூரிகை போன்ற ஒன்றினால் மெல்ல மெல்லத் தேய்த்துத் தோல்முதலாக உள்ளுறுப்பு ஈறாக ஒவ்வொன்றையுங் கண்ணாற் காணவேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. நூலறிவும் காட்சியறிவும் ஆகிய இரண்டும் சேர்ந்தவிடத்தே அறிவு வளரும் என்பது அவ்வாசிரியர் துணிபு. பிற்காலத்தில் எம்மவரிடையே இக்காட்சி ஒழிந்து நூல் மாத்திரம் எஞ்சியது. 1836ஆம் ஆண்டிலே கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர் மனித உடலொன்றை அறுத்து ஆராய்ந்தபோது அது பெரும்புரட்சியாகக் கருதப்பட்டது. அவர் வைத்திய மரபிற் பிறந்தவர். சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர். மரபை அறியாதவர் மரபை மீறினார் என்று அவரைக் கூறவியலாது.

ஐரோப்பாவிலே இக்கல்வி வேறொரு வழியாக வளர்ந்தது. எம் நாட்டு வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்பவற்றின் ஏற்றத்தாழ்வே நோய் எனக் கொண்டதுபோல, அந்நாட்டாரும் உடம்பின் நால்வகை நீர்களின் ஏற்றத்தாழ்வே நோய் என நெடுங்காலம் கொண்டிருந்தனர். இத்தாலியிலே பதுவா நகரப் பேராசிரியராகிய மொர்கானி என்பார் 1761ஆம் ஆண்டில், தமது எழுபத்தொன்பதாம் வயதிலே, நோய்களின் இருப்பிடங்களையும் காரணங்களையும் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். ஏறத்தாழ 700 பேரின் நோய் வரலாற்றையும், இறந்தபின் அவர்தம் உடலிற் கண்டவற்றையும் அருகருகே வைத்து அவர் ஒப்புநோக்கினார். நோயாளி உயிரோடிருந்தபோது கூறிய துன்பத்துக்கு உடம்பினுள்ளே ஓர் இடம் உண்டு என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் நோயைத் துணிதலோடு நில்லாது அதன் மூலத்தையும் தேடுமாறு கூறியதை எம் மாணவர் அறிவர். அம்மூலத்தைத் தேடிச் செல்லும் வழிகளுள் ஒன்று சவச்சாலையின் வாயிலுக்குள்ளே செல்கின்றது.

மருத்துவ மாணவர்க்கும் பிரேத பரிசோதனைக்கும் உள்ள உறவைக் கூறுமிடத்து வியன்னா நகரத்து வரலாற்றைக் கூறாது விடல் ஆகாது. அங்குள்ள பெரிய மருத்துவமனையிலே மகப்பேற்று விடுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவிச்சியர் பயின்றனர். மாணவர் பயின்ற விடுதியிலே பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார் தொகை மற்றையதினும் மிகுதி. 1847ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அது நூற்றுக்குப் பதினெட்டாக இருந்தது. காரணம் எவர்க்கும் புலப்படவில்லை. அவ்வாண்டிலே கொலெச்கா என்னும் மருத்துவர், பிரேத பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலிற் பட்டு, அப்புண்ணினால் நஞ்சேறி இறந்தார். அவருடைய உடலைச் சோதித்தபோது கண்டவையும் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரிடத்துக் கண்டவையும் ஒத்திருந்தன. அவர் நண்பராகிய செமல்வைஸ் உண்மையை உணர்ந்தார். சவச்சாலையிலிருந்து நேரே பிரசவ அறைக்குச் சென்ற மாணவரின் கைகளே மரணத்தைச் சுமந்து சென்றன. குளோரின் கலந்த சுண்ணநீரிற் கைகழுவுமாறு அவர் விதித்தார். சில மாதங்களுள் இறப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டாகக் குறைந்தது.

இவ்வரலாற்றை யாம் வகுப்பிற் கூறும்போது மாணவர் சிலர், “அப்படியாயின் பிரேத பரிசோதனை தீங்கன்றோ?” என்பர். தீங்கு விளைந்தது கழுவாத கையினால். அத்தீங்கு இன்னதென்று காட்டியது பிரேத பரிசோதனையே. கொலெச்காவின் உடலை எவரும் திறந்து பாராதிருந்தால் இன்னும் எத்தனை தாய்மார் மாண்டிருப்பர் என்று எவர் சொல்ல வல்லார்?

இனி எம் நாட்டுக்கு வருவோம். 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த ஆண்டில் மானிப்பாயிலே தம் பணியை நிறுவினார். அவர் சமயத்தைப் பரப்ப வந்தவர். அவ்வகையில் சைவர்களாகிய எமக்கும் அவர்க்கும் இடையே வேறுபாடு உண்டு. எனினும் அவர் செய்த தமிழ்ப்பணியைத் தமிழர் எவரும் மறத்தல் ஆகாது. மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மொழியிலேயே கற்பித்து அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவரை அவர் உருவாக்கினார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ எனக் குறித்த அக்காலச் சொல்லை இன்றைய மாணவர் அறியார். கொழும்பிலே மருத்துவப் பாடசாலை தொடங்கியது 1870இலேதான் என்பதை நோக்கின், தமிழ்மொழியில் இக்கல்வி எத்துணை முற்பட்டது என்பது விளங்கும். கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியபோதும் அங்கே போதனாமொழி ஆங்கிலமாகவே அமைந்தது. அதனைக் குறைகூற யாம் வரவில்லை. ஆனால் அதனால் நேர்ந்த இடரொன்றைப் பின்னர் கூறுவோம்.

விழா ஆயத்தங்களின் பொருட்டு அண்மையிற் கல்லூரிக்கு வந்திருந்த மருத்துவபீட மாணவர் நால்வருடன் மாலைப்பொழுதொன்றிற் பேசிக்கொண்டிருந்தோம். நால்வரும் எம்மிடம் தமிழ் கற்றவர்கள். பிரேத பரிசோதனையைப் பற்றி யாம் கேட்டபோது முதலிற் சிரித்தார்கள். பின்னர் மெல்ல மெல்லப் பேசலாயினர். முதலாண்டிலே அறுத்துக் கற்ற உடலைப் பற்றி அவர்களுக்கு அச்சமிருக்கவில்லை. மருந்திலே கிடந்து நிறமும் மணமும் மாறிய அவ்வுடல் ஆசிரியர் ஒருவரைப் போலாகிவிட்டது என்றார் ஒருவர். பிற்பட்ட ஆண்டுகளிலே முதன்முறையாகக் கண்ட பிரேத பரிசோதனையோ வேறு. நேற்றுவரை நடமாடிய ஒருவர். நகங்களிலே பூச்சு இருந்தது. கையிலே கோயில் நூல் கட்டியிருந்தது. மண்டையோட்டை அறுக்கும் வாளின் ஓசை இன்னுங் காதில் நிற்கின்றது என்றார் மற்றொருவர். இன்னொருவர் அன்று வீடு சென்று இருமுறை தலைமுழுகியும் உணவு கொள்ளவில்லை. நான்காமவர், “முகத்தைப் பார்க்கும்வரை பாடம், முகத்தைப் பார்த்தபின் மனிசர்” என்றார். நல்ல தமிழ் என்று மனத்துள் மெச்சிக்கொண்டோம்.

அறிவைப் பற்றிய வினாக்களுக்கு அவர்கள் தந்த விடைகள் கலப்பாக இருந்தன. சட்டத்தின் பொருட்டுச் செய்வதற்கும் நோயறியும்பொருட்டுச் செய்வதற்கும் உள்ள வேற்றுமையை இருவர் தெளிவாகக் கூறினர், இருவர் தடுமாறினர். அதற்குக் காரணமும் உண்டு. எமது நாட்டில் நடைபெறுவனவற்றுட் பெரும்பாலானவை சட்டஞ் சார்ந்தவை. விபத்து, தற்கொலை, கொலை, நீரில் மூழ்கல் என்பவற்றையே மாணவர் காண்கின்றனர். ஆதலின் பிரேத பரிசோதனை என்பது பொலிசாரோடு தொடர்புடையது என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சிலும் படிந்துவிடுகின்றது. விடுதியிலே தாம் மூன்று நாள் பார்த்த நோயாளி இறந்தபின், ‘நாம் கருதிய நோய்தானா அது?’ என்று கேட்டுச் சென்று பார்க்கும் வாய்ப்பு அவர்க்கு மிக அரிது.

பயனுண்டா எனக் கேட்டோம். உண்டு என நால்வரும் ஒருமித்துக் கூறினர். உம் தாயாருக்கோ தந்தையாருக்கோ அவ்வாறு செய்ய வேண்டுமென்று ஒருவர் வந்து கேட்டால் சம்மதிப்பீரோ எனக் கேட்டோம். நால்வரும் மௌனமாயினர். பிறநாடுகளிலே மருத்துவ மாணவரிடம் இத்தகைய வினாக்களை விடுத்து ஆராய்ந்தோரும் இதனையே மீளமீளக் கண்டுள்ளனர்: கல்விக்கும் மருத்துவத்துக்கும் அது பயனுடையது என்பதிற் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வர், தமக்கும் தம் உறவினர்க்கும் என்று வரும்போது தயங்குவோர் தொகை கூடும். இத்தயக்கத்தைப் போலித்தனம் என யாம் கொள்ளோம். அறிவு ஏற்றதை அன்பு ஏற்கச் சிறிது காலம் வேண்டும். தயக்கமே இல்லாதவன் கையிற் கத்தியைக் கொடுக்கவும் யாம் அஞ்சுவோம்.

புறப்படும்போது ஒருவர் கூறியதை அவருடைய பேச்சுமொழியிலேயே தருகின்றோம். “சேர், வெட்டுறதைப் பார்க்கப் பயமில்லை. வெளியிலை வாங்கிலை இருக்கிற தாயின்ரை முகத்தைப் பார்க்கத்தான் பயம். அவவிட்டை எப்பிடிக் கேக்கிறது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை.”

இச்சொற்கள் எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை நினைவுக்குக் கொணர்ந்தன. எமது சிறிய தாயார் ஐம்பது வயதளவில் மருத்துவமனையொன்றிலே காலமானார். வயிற்றுநோவு என்று கொண்டுசென்றோம். ஐந்தாம் நாள் உயிர் பிரிந்தது. மருத்துவர் இருவேறு நோய்களை ஐயுற்றிருந்தனர். முடிவாக ஒன்றுங் கூறினாரல்லர். உடலைப் பெறுதற்கு ஓடைபோன்ற நடைவழியிலே காத்துநின்றபோது இளம் மருத்துவர் ஒருவர் கடதாசியொன்றுடன் வந்தார். இரவு முழுதும் உறங்காத கண்கள். “பி.எம். ஒண்டு செய்தால் நல்லது. இதிலை சைன் வையுங்கோ” என்றார். அவ்வளவே. எதற்காக என்று கூறவில்லை. யாது செய்வர் என்று கூறவில்லை. இரங்கல் என்று ஒரு சொல்லுங் கூறவில்லை. சிறிய தந்தையார் அக்கடதாசியை வாங்கவேயில்லை. “உயிரோடை இருக்கேக்கை அவள் பட்டது காணாதோ தம்பி? இனியும் வெட்ட வேணுமோ?” என்றார். அம்மருத்துவர் தலையசைத்துவிட்டு அப்பாற் சென்றார். அன்று மாலையே தகனம் நடந்தது.

ஆண்டுகள் பல சென்றன. சிறிய தாயாரின் மகள், எமக்குத் தங்கை முறையானவர், நாற்பது வயதை அணுகும்போது அதேபோன்ற வயிற்றுநோவினால் வருந்தலாயினார். அவரைப் பரிசோதித்த மருத்துவர் கேட்ட முதல் வினா, “தாயார் எதனால் இறந்தார்?” என்பது. தங்கைக்கு விடை தெரியவில்லை. உடன் சென்ற எமக்குந் தெரியவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரத்திலே எழுதப்பட்டிருந்தது நோயின் பெயரன்று. நோயின் இறுதியில் நேர்ந்ததன் பெயர். தங்கை இன்று பல சோதனைகளுக்கு உட்பட்டு, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் சென்று வருகின்றார். ஒரு வினாவுக்கு விடை கிடைக்கக்கூடிய நாள் ஒன்று இருந்தது. அந்நாள் மாலைக்குள் கழிந்துவிட்டது. சிறிய தந்தையாரைக் குறைகூற எம் நாவு எழாது. கேட்டவர் சரிவரக் கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்றுங் கூறமாட்டோம். ஆனால் சிந்திக்கவாவது செய்திருப்பார்.

விடை கிடைத்த குடும்பமும் உண்டு. எம் அயலிலே விளையாட்டிற் சிறந்த இளைஞன் ஒருவன் மைதானத்திலே விழுந்து உயிர் நீத்தான். திடீர் மரணமாதலின் சட்டப்படி பரிசோதனை நடந்தது. இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருந்ததென மருத்துவர் கண்டனர். இந்நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோருள் ஒருவர்க்கு அது இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரக்கூடிய வாய்ப்பு இரண்டில் ஒன்று. இதனை அறிந்த மருத்துவர் தம்பியையும் அழைத்துச் சோதிக்க, அவனுக்கும் அக்குறை இருத்தல் தெரியவந்தது. அவன் இன்று மருந்துண்டு, கடுவிளையாட்டைத் தவிர்த்து வாழ்கின்றான். தமையனின் மரணம் தம்பியின் ஆயுளைக் காத்தது என அத்தாயார் எம் மனையாளிடம் கூறி அழுதார். அவ்வழுகையில் ஆறுதலும் இருந்தது.

இத்துணைப் பயனுடைய இக்கல்வி உலகெங்கும் குறைந்து வருதல் வியப்பே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மருத்துவமனைகளிலே இறந்தவருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர்க்கு இப்பரிசோதனை செய்யப்பட்டது. இன்று பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நுண்கதிர்ப் படங்களும் குருதிச் சோதனைகளும் யாவற்றையும் காட்டிவிடும் என்னும் நம்பிக்கை ஒரு காரணம். செலவு ஒரு காரணம். தம் பிழை வெளிப்படுமோ என்னும் மருத்துவரின் அச்சமும் ஒரு காரணம் என்பர். ஆயினும் பரிசோதனை செய்யப்பட்டவிடத்து, உயிரோடிருந்தபோது அறியப்படாத முக்கிய நோய்கள் இன்றும் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுவோம். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலே எமக்கு முதன்முதல் புகட்டப்பட்ட பாடங்களுள் ஒன்று, பாடம் முடிந்தபின் மாணவர் யாது விளங்கிக்கொண்டனர் என்று மதிப்பிடாத ஆசிரியர் தம் கற்பித்தலை ஒருபோதும் திருத்தமாட்டார் என்பது. சோதனை வைத்து விடைத்தாளைத் திருத்தாது கட்டிவைக்கும் ஆசிரியரை யாது கூறுவோம்? நோயாளி இறந்தபின் காரணத்தைத் தேடாது விடும் மருத்துவமும் அத்தகையதே.

கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டில் இவ்வுண்மை மீண்டும் உலகுக்கு உணர்த்தப்பட்டது. தொற்றஞ்சிப் பலவிடங்களிற் பரிசோதனைகளைத் தவிர்த்தனர். ஜேர்மனியிலே ஹம்பேர்க் நகரத்து மருத்துவர் அஞ்சாது செய்தனர். முதற்கண் ஆராய்ந்த பன்னிருவருள் எழுவரின் கால் நரம்புகளிலே, எவரும் முன்பு ஐயுறாத குருதிக்கட்டிகள் காணப்பட்டன. சுவாச நோய் என்று மாத்திரம் எண்ணியிருந்த மருத்துவர், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளில் மேலும் கருத்தூன்றுதற்கு இத்தகைய காட்சிகளே துணைபுரிந்தன.

எம்மவர் தயங்குதற்குரிய காரணங்களையும் நேர்மையாக நோக்கவேண்டும். உடல் சிதையுமென்பது ஒன்று. முறைப்படி செய்யுமிடத்து முகத்தில் வெட்டு விழுவதில்லை. தலையைத் திறக்கவேண்டின் ஒரு காதின் பின்னிருந்து மறு காதின் பின்வரை முடியினுள் மறையுமாறு கீறுவர். பின்னர் தைத்துக் கழுவியே கொடுப்பர். சிலவிடத்து முழுதும் அறுக்காது ஊசியினாற் சிறிது இழையம் எடுத்துச் சோதித்தலும் இன்று உண்டு. காலம் தாழ்க்குமென்பது மற்றொன்று. அது மெய்யே. சவச்சாலை வாயிலிலே நாட்கணக்காகக் காத்திருக்கும் உறவினரை யாமும் கண்டிருக்கின்றோம். பறையும் பந்தலும் ஆயத்தமாயிருக்க, சுண்ணமிடிக்கவும் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவும் காத்திருக்க, உடல் வராத வீட்டின் தவிப்பு கொடியது. அதனைக் குறைத்தல் நிருவாகத்தார் கடன். சமயம் தடுக்குமோ என்பது மூன்றாவது. தேவர்களின் பொருட்டுத் தம் முதுகெலும்பையே ஈந்த ததீசி முனிவரையும், கண்ணை இடந்து அப்பிய கண்ணப்ப நாயனாரையும் போற்றும் சமயம் எமது சமயம். உடம்பை முன்னர் இழிவென எண்ணிப் பின்னர் அதன் அருமை உணர்ந்தமையைத் திருமூலர் கூறியுள்ளார். தீயிலே நீறாகப் போகும் உடம்பு, அதற்குமுன் ஒருவர்க்கு அறிவு தந்து செல்லுமாயின் அது குற்றமாகாது என்பதே எமது துணிபு. ஏற்காதவர் உரிமையையும் யாம் மதிக்கின்றோம்.

எம் மண்ணிலே நான்காவது காரணமும் ஒன்று உண்டு. பிரேத பரிசோதனை என்ற மாத்திரத்தே போர்க்காலம் நினைவுக்கு வருவோர் இன்னும் எம்மிடையே உளர். 1999ஆம் ஆண்டு செம்மணியிலே பதினைந்து பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டிலே அப்பகுதியில் மீண்டும் அகழ்வு நடந்தது. அங்கே வேலியோரம் நின்ற தாய்மார், வெட்டாதே என்று கூற வந்தவரல்லர். உண்மையைக் கூறு என்று கேட்க வந்தவர். அறிதல் துன்பந் தரும். அறியாமை அதனினும் நெடிய துன்பம் என்பதை அவர்களைவிட நன்கு உணர்ந்தவர் யாவர்? சட்ட மருத்துவம் பயிலும் எம் மாணவர் தம் கல்வியின் கனத்தை அங்கிருந்து அளந்துகொள்வாராக.

எம் நாட்டு மக்கள் கொடுக்க மனமற்றவர் அல்லர். 1958ஆம் ஆண்டிலே ஹட்சன் சில்வா என்பார் தாம் மருத்துவ மாணவராயிருந்தபோதே இறந்தாரின் கண்களைத் தானமாகத் தருமாறு பத்திரிகை வாயிலாக மக்களை வேண்டினார். 1961இல் கண்தானச் சங்கம் தோன்றியது. 1964முதல் இச்சிறு தீவிலிருந்து பிற நாடுகளுக்கும் கண்கள் சென்றன. பௌத்தரின் தானக் கொள்கை அதற்குப் பெருந்துணையாயிற்று. ஆயினும் கேட்க ஒருவர் இருந்தார். கேட்கும் முறை அறிந்து கேட்டார் என்பதை மறத்தல் ஆகாது. அவர் அப்பொழுது பட்டம் பெறாத மாணவரே.

இவ்விடத்தே தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்னும் வினாவுக்கு விடை வருகின்றது. எம் மாணவர் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்கின்றனர், தேர்வும் ஆங்கிலத்தில். மருத்துவமனை நடைவழியில் வந்து நிற்கும் தாயோ தமிழ் மாத்திரம் அறிந்தவள். ‘பி.எம்.’ என்பது அவள் காதில் விழும் இரண்டு எழுத்துக்கள், அவ்வளவே. வெட்டுதல் என்னாது சொல்ல ஒரு வழி வேண்டும். உண்மையை மறைத்தலும் ஆகாது. கிறீன் தம் மாணவர்க்குத் தமிழைக் கொடுத்தது இத்தகைய இடங்களின் பொருட்டே எனலாம்.

நால்வரும் எம்மிடம் கேட்டதற்கிணங்கச் சில சொற்களை எழுதிக் கொடுத்தோம். மருத்துவபீடப் பாடமன்று, தமிழ்ப் பாடம். முதலில் அமர்க, நின்றபடி கேளாதீர். இறந்தவரை ‘பொடி’ எனவும் ‘கேஸ்’ எனவும் கூறாதீர். அம்மா, ஐயா, தம்பி என உறவுமுறையோ பெயரோ கூறுக. பின்னர் இவ்வாறு பேசலாம்: “அம்மா, உங்கடை துயரத்திலை நாங்களும் பங்கு. ஐயாவைக் காப்பாற்ற எங்களாலை முடிஞ்சதைச் செய்தம். ஆனால் அவருக்கு வந்த வருத்தம் என்னவெண்டு எங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியேல்லை. நீங்கள் சம்மதிச்சால், ஒரு சத்திரசிகிச்சை செய்யிறது போல அவருடைய உள்ளுறுப்புகளைத் திறந்து பார்த்து, திரும்பத் தைச்சுத் தருவம். முகத்துக்கு ஒண்டும் ஆகாது. இத்தனை மணித்தியாலம் செல்லும். தெரியவாறதை உங்களுக்கும் சொல்லுவம். பிள்ளையளுக்கும் அது உதவும். வேண்டாமெண்டாலும் ஒரு குறையும் இல்லை.” சொன்னபின் வாய்மூடி இருத்தல் வேண்டும். அம்மௌனம் அவளுக்கு உரியது. சம்மதித்தால், கண்டதைத் திரும்பி வந்து கூறுதல் வேண்டும். கூறுவோம் என்று வாக்களித்துக் கூறாது விடுதல், கேளாது விடுதலினும் பெருங்குற்றம்.

நால்வருள் ஒருவர் அதனைக் கைப்பேசியிற் படமெடுத்துக்கொண்டார். மற்றொருவர், “சேர், ‘நாங்களும் பங்கு’ எண்டதைச் சொல்லேக்கை எங்களுக்கு அது உண்மையா இருக்கவேணுமே?” என்றார். அதற்கு எமது விடை, ஆம் என்பதே. அது உண்மையாதற்பொருட்டே மாணவர் சவச்சாலையில் முகத்தையும் பார்க்கவேண்டும்.

மூத்த பழைய மாணவர்களாகிய மருத்துவப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உமது இளையவர் முதன்முறையாகச் சவச்சாலையின் வாயிலைக் கடக்கும் நாளில் அவரோடு உடன் செல்க. வெளிவந்தபின் அவரைத் தனியே விடாது, ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் கொடுத்து, என்ன கண்டாய் எனக் கேட்க. மயங்கி விழுந்தவரைப் பார்த்து நகையாதீர். உறவினரிடம் நீர் பேசும்போது அருகே நின்று கேட்க அவரை அனுமதிக்க. நல்ல சொல் நூலில் மாத்திரம் வருவதன்று. நல்லோர் வாய்க் கேட்டும் வரும்.

கல்லூரியில் இன்று பயிலும் தம்பிமாருக்கும் ஒன்று. மருத்துவராக விரும்புவோர் விஞ்ஞானப் பாடங்களோடு தமிழையும் கருத்தூன்றிக் கற்க. என்றேனும் ஒருநாள் துயருற்ற ஒருவரின் முன்னே அமர்ந்து, மிக அரிய ஒன்றை அவரிடம் வேண்டி நிற்பீர்கள். அன்று உமக்குத் துணைவருவது உம் தாய்மொழி ஒன்றே.